ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஒரு நாள் கூடுதலாக

டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பலருக்கு இது தெரியவே தெரியாது. உள்ளே போக இஸ்ரோவில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும், பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் பார்வையாளர் மாடம் 2019 மார்ச் 31 அன்று திறக்கப்பட்டது. மறுநாள், ஏப்ரல் 1 காலை, எமிசாட் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு பி.எஸ்.எல்.வி-சி45 கிளம்பியபோது பொதுமக்கள் அந்த மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். இணையத்தில் பெயரைப் பதிந்து, அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் யாரும் போகலாம். அமெரிக்காவில் கென்னடி விண்வெளி மையத்தில் இதே காட்சிக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். சென்னைக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குள் நமக்கு இது இலவசம்.

ஆனால் போக வேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். ஏவும் நேரத்தைப் பார்ப்பது, அதற்கு நாலு மணி நேரம் முன்னால் கிளம்புவது, பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புவது. ரயில் பிடிக்கிற கணக்கு அது. ராக்கெட்டுக்கு அது சரிப்படாது.

2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்திருந்தார். மாடத்தில் இருந்தவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கிளம்ப 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கவுன்ட்டவுன் நின்றது. ராக்கெட்டில் தொழில்நுட்பக் கோளாறு, இன்று ஏவவில்லை என்று அறிவிப்பு வந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாகனத்தைத் தேட வேண்டிய நிலை. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43-க்கு அதே ராக்கெட் கச்சிதமாகக் கிளம்பியது. அந்த வாரம் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் பார்த்தார்கள்.

இது அபூர்வமாக நடப்பது என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை காலை 8 மணிக்கு என்றார்கள். வானிலை சரியில்லை என்று நேரம் நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஐந்தே விநாடி இருக்கும்போது கணினி தானாக நிறுத்திவிட்டது. அன்றைய ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போனவர்கள் ஏமாந்தார்கள். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு ஏவிவிட்டார்கள். 2024 டிசம்பர் 4 அன்று ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள்களுக்காக மாலை 4.08-க்குக் காத்திருந்தவர்கள், கடைசி ஒரு மணி நேரத்துக்குள் ‘நாளைக்கு’ என்ற செய்தியைக் கேட்டார்கள். மறுநாள் 4.04-க்கு அது கிளம்பியது. ஒரே ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

என் யோசனை இதுதான். ஏவும் நாளோடு அடுத்த நாளையும் சேர்த்து விடுப்பு எடுங்கள். முடியாதவர்கள் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருங்கள். தள்ளிவைப்பதைக் குறையாகப் பார்க்கவும் வேண்டாம். 640 டன் எடையுள்ள எல்.வி.எம்-3 போன்ற ராக்கெட்டில் சின்னச் சந்தேகம் எழுந்தாலும் நிறுத்துகிற துணிச்சல் இருப்பதால்தான் அது பிறகு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது.

பதிவு செய்யும் முறைக்கு வருவோம். ஏவும் தேதியை இஸ்ரோ தன் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் அறிவிக்கும். பார்வையாளர் பதிவு எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும் அங்கேயே வரும். பெரும்பாலும் ஏவுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கிறார்கள். சந்திரயான், ககன்யான் போல ஊரே பேசுகிற பயணம் என்றால் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். அதனால் திறக்கும் நேரத்துக்கு முன்பே வருகிறவர்கள் எல்லோருடைய பெயர், அடையாள அட்டை எண் முதலிய விவரங்களைத் தட்டச்சு செய்து கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் இருக்கிறபடியே பெயர் இருக்கட்டும். வாசலில் பாதுகாப்புப் படையினர் அனுமதிச் சீட்டையும் அசல் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். என்ன கொண்டுபோகலாம், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்ற விதிகள் சீட்டோடு வரும். அவை மாறக்கூடியவை என்பதால் போன முறை போனவர் சொன்னதை நம்பாமல் ஒவ்வொரு முறையும் படியுங்கள். கொரோனாக் காலத்தில், 2020 நவம்பரில் பி.எஸ்.எல்.வி-சி49 ஏவப்பட்டபோது மாடம் மூடியே இருந்தது. எல்லா ஏவுதலுக்கும் மாடம் திறந்திருக்கும் என்று நினைத்து முன்கூட்டியே அறை போட்டுவிடாதீர்கள்.

தேதி அறிவிப்புக்கு முன்பே துப்பு கிடைக்கும் வழி ஒன்று உண்டு. ஏவும் பாதையில் விமானங்கள் பறக்கக் கூடாது என்று விமானிகளுக்கு முன்னறிவிப்பு தருவார்கள். ‘நோட்டம்’ என்பார்கள். ராக்கெட் ஆர்வலர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தச் செய்தி வேறு வழியில் வரும்: அன்று கடலுக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை. நமக்குத் திருவிழாவாக இருக்கும் நாள் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள் என்பதையும் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

போகும் வழி எளிது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ரயில் நிலையம் சூலூர்பேட்டை. இப்போது அது ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயில் உண்டு. கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகிற வண்டிகள்தான் அதிகம். சூலூர்பேட்டை வரை போகிறவை குறைவு, பலகையைப் பார்த்து ஏறுங்கள். மாதவரத்திலிருந்து நெல்லூர் பக்கம் போகும் ஆந்திரப் பேருந்துகளிலும் போகலாம். காரில் போகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாக நேர் சாலை. சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே திரும்பினால் பதினெட்டு கிலோமீட்டர் அளவில் ஸ்ரீஹரிகோட்டா.

அந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்காகவே பகலில் போகச் சொல்வேன். சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகிறது. மழைக்குப் பிறகு போனால் இரண்டு பக்கமும் தண்ணீர். கோடையில் உப்புப் பூத்து வெடித்த சேறு, கண் கூசுகிற வெள்ளையில் அடிவானம் வரைக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் முழங்காலளவுத் தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து இரை தேடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று தலை நிமிர்ந்தால் பக்கத்தில் நாலைந்தும் நிமிர்ந்து பார்க்கும். வடக்கே சற்றுத் தூரத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலபட்டு சரணாலயம் இருக்கிறது. ராக்கெட் தள்ளிப்போய் ஒரு நாள் கையில் மிஞ்சினால் அங்கே போகலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் என்று ஏவுதல் தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம். பறவைகள் வருவதும் அதே பருவத்தில்தான்.

இரவு ஏவுதலுக்குப் போகிறவர்கள் தங்குமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சூலூர்பேட்டை சின்ன ஊர். பெரிய ஏவுதல் என்றால் விடுதிகள் நிரம்பிவிடும். ராக்கெட் போன பிறகு வண்டிகள் எல்லாம் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் திரும்பும். அந்த நெரிசலில் கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாடம் திறந்தவெளிப் படிக்கட்டு இருக்கைதான். தொப்பி, தண்ணீர், சாப்பிட ஏதாவது, காத்திருக்கும் பொறுமை எல்லாம் உடன் வர வேண்டும்.

எந்த ராக்கெட்டைப் பார்ப்பது? வாய்ப்பு இருந்தால் எல்.வி.எம்-3. சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று கொண்டுபோனது அதுதான். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெரிய திட எரிபொருள் உந்திகள்தான் அதைத் தரையிலிருந்து தூக்குகின்றன. நடுவில் இருக்கும் திரவ எரிபொருள் எஞ்சின்கள் இரண்டு நிமிடம் நெருங்கும்போது வானத்தில்தான் எரியத் தொடங்கும். பி.எஸ்.எல்.வி. அதில் பாதி எடை, 320 டன். ஆனால் அழகு ராக்கெட்டைவிட நேரத்தைப் பொறுத்தது என்பது என் எண்ணம். விடியலுக்குச் சற்று முன்போ அந்திக்குச் சற்றுப் பின்போ கிளம்பினால், தரை இருட்டாக இருக்கும்போதே ராக்கெட் மேலே வெயிலுக்குள் நுழைந்துவிடும். அது விட்டுச்செல்லும் புகை வெள்ளியாக விரிந்து நெடுநேரம் நிற்கும். இரவு ஏவுதலின் அழகு வேறு. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு பி.எஸ்.எல்.வி-சி60 கிளம்பியது இரவு 10 மணிக்கு. இருட்டில் கிளம்பும் ராக்கெட்டின் தழலைக் கண்ணால் வெகுதூரம் பின்தொடரலாம்.

அந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து விநாடியை மாடம் முழுக்கச் சேர்ந்து எண்ணும். பூஜ்யம் என்றதும் மாடத்துத் திரையில் நெருப்பு தெரியும். திரையை விட்டுவிட்டுத் தொலைவைப் பாருங்கள். புகை பொங்கும், அதிலிருந்து கண்ணைக் கூசவைக்கிற ஒரு மஞ்சள் வெளிச்சம் மேலே வரும். சத்தமே இருக்காது. அவ்வளவு பெரிய நெருப்பு ஓசையில்லாமல் எழும்புவதைப் பார்க்கும்போது கூட்டமும் பேச்சை நிறுத்திவிடுகிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். ராக்கெட் வானத்தில் நன்றாக ஏறிய பிறகே அது வந்து சேர்கிறது. முதலில் ஒரு முனகல், பிறகு படபடவென்று வெடிக்கும் ஓசை; காதுக்கு முன்னால் நெஞ்சில் தெரியும், உட்கார்ந்திருக்கும் படி அதிரும். எந்தத் தொலைக்காட்சியும் இதைக் கொண்டுவந்து தராது. இரண்டு நிமிடத்தில் மேகத்துக்குள்ளோ தூரத்திலோ அது மறைந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தைக் கைபேசித் திரை வழியாகப் பார்த்து வீணாக்க வேண்டாம். நல்ல படங்களை இஸ்ரோவே வெளியிடும்.

சீட்டு கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்து ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வடக்கே பார்த்து நின்றால் ராக்கெட் தெளிவாகத் தெரியும். ஒலி ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்து, தேய்ந்துபோய் வரும். வானம் தெளிந்திருந்தால் சென்னை மொட்டை மாடிகளிலிருந்தும் பார்க்கலாம். துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. என்றால் தென்கிழக்காகச் சாய்ந்து வரும், ஜி.எஸ்.எல்.வி. கிழக்கே கடலை நோக்கி விலகிப் போகும். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் தேட வேண்டியிருக்காது.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். போவதற்கு முன்னால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சின்ன ஆய்வு ராக்கெட்டோடு அங்கே வேலை தொடங்கியது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் பொறுப்பில் கிளம்பிய முதல் எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே இடத்திலிருந்து வெற்றி. 2010 டிசம்பர் 25 மாலை ஜி.எஸ்.எல்.வி-எப்06 ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லோர் கண் முன்னாலும் சிதறியது. 2025 ஜனவரி 29 அதிகாலை அதே ஜி.எஸ்.எல்.வி. குடும்பத்து ராக்கெட்டோடுதான் ஸ்ரீஹரிகோட்டா தன் நூறாவது ஏவுதலை நடத்தியது. தோற்றுப்போகவும் கூடும் என்று தெரிந்து பார்க்கிற பிள்ளைக்கு, ஒவ்வொரு அடுக்கும் பிரிந்தது என்று ஒலிபெருக்கி சொல்லும்போது ஏன் கட்டுப்பாட்டு அறையில் அத்தனை பேர் கைதட்டுகிறார்கள் என்பது புரியும்.

சென்னைக்காரர்களுக்கு இது ஒரு நாள் பயணம். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. அதனால்தான் தென்மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தின் மேல் எனக்கு அத்தனை எதிர்பார்ப்பு. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளுக்கானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை இருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அந்த நஷ்டம் பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே வெறும் கடல்தான்.

அங்கே பார்வையாளர் மாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. ஏவுதளத்தோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். தென்மாவட்ட அரசுப் பள்ளிகளுக்கென்று ஒவ்வொரு ஏவுதலிலும் ஒரு பகுதி இடங்களை ஒதுக்க வேண்டும். கவுன்ட்டவுன் விளக்கம் தமிழிலும் ஒலிக்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து பேருந்துகளை அன்றைக்குக் கூட்டி விட வேண்டும். கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று குலசேகரன்பட்டினத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் வந்து தங்கிச் சாப்பிட்டுத் திரும்புகிற ஊர் அது.