மலசலகூட இருக்கை

அவையிற் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லும் முறைக்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டனர் தமிழ் இலக்கண நூலார். கால் கழுவி வருதல் என்னும் தொடர் அதற்கு உதாரணமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்படுகின்றது. வழக்கம் நாகரிகமானதே. ஆயினும் அதன் நிழலில் ஒரு தீங்கும் வளர்ந்திருக்கின்றது. மண்டபத்திற் கிடக்கும் கதிரையின் கால் ஆடினால் அன்றைக்கே தச்சன் அழைக்கப்படுகின்றான். மலசலகூடத்து இருக்கை ஆடினாலோ அதைப் பற்றி வாய் திறப்பார் இல்லை. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் உடலைச் சற்று ஒரு புறம் சாய்த்து அமர்ந்து, அந்தக் குறையுடன் பழகிவிடுகின்றனர். எழுபது வயதைக் கடந்த பாட்டிக்கு அவ்வாறு சாய்ந்து பழக உடலில் வலுவில்லை. குறை வெளிப்படுவது அவர் விழுந்த பின்னர்தான்.

ஈழத்தவர்க்குப் பழைய வழக்கம் குந்தியிருத்தலே. அனுராதபுரத்தின் மேற்குப் புறத்து மடங்களிற் காணப்படும் கருங்கற் பலகைகள் இதற்குச் சான்று. பாதம் பதிக்கும் இடமும் நீர் செல்லும் துவாரமும் உடைய அக்கற்களில் மாளிகை முகப்புப் போன்ற நுண்ணிய செதுக்கு வேலை அமைந்துள்ளது. செல்வம் மிகுந்த மடங்களின் ஆடம்பரத்தைத் துறவிகள் இகழ்ந்த விதமே அது என்று கருதுவாரும் உளர். அக்காரணம் எதுவாயினும், கல்லின் மேற் குந்துவோனுக்கு இருக்கை ஆடும் என்ற கவலை இருக்கவில்லை.

அமர்ந்து பயன்படுத்தும் பீங்கான் மேனாட்டிலிருந்து வந்தது. நீர் பாய்ச்சிக் கழுவும் கூடத்தைச் சேர் யோன் ஹரிங்டன் 1596ஆம் ஆண்டில் விவரித்தார். நாற்றத்தை நீரால் அடைக்கும் வளைகுழாய்க்கு அலெக்சாண்டர் கமிங் 1775ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அக்காலத்துக் கூடங்களிற் பாத்திரத்தைச் சுற்றி மரப் பெட்டியொன்று அமைந்திருக்கும். இருக்கை அப்பெட்டியின் மேற்பலகையே. அகன்ற வாங்கு போன்ற அது அசைய வழியில்லை. ஆனால் பெட்டியினுள் அழுக்கும் ஈரமும் தங்கின. 1880ஆம் ஆண்டுகளில் தோமஸ் ட்வைபோர்ட் போன்றோர் முழுவதும் ஒரே பீங்கானாலாய, தனித்து நிற்கும் பாத்திரத்தைச் செய்தபோது பெட்டி ஒழிந்தது, சுத்தம் வந்தது. அதே வேளையில், பெட்டி முழுவதும் தாங்கிய இருக்கை, பின்புறத்து இரண்டு திருகாணிகளை நம்பி நிற்கும் வளையமாயிற்று. இன்று வீடுதோறும் இருக்கை ஆடுவதற்குரிய காரணம் அந்த மாற்றத்தில் இருக்கின்றது.

இதனை மேனாட்டு ஆடம்பரம் என்று தள்ளிவிட இயலாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவர்கள். முழங்கால் மூட்டுத் தேய்ந்தவர்க்குக் குந்துதல் வேதனை; குந்திய பின் எழுதல் அதனினும் பெரிய வேதனை. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே காலிழந்தோர் வடக்கிலும் கிழக்கிலும் பலர் உளர். தொடைக்கு மேற் செயற்கைக் கால் பொருத்தியவர் குந்துவது எங்ஙனம்? இத்தகையோர் சிலர் மலசலகூடம் செல்வதற்கு அஞ்சி நீர் அருந்துவதையும் உணவையும் குறைத்துக்கொள்கின்றனர். மலச்சிக்கலும் சிறுநீர்க் கோளாறும் அதன் பின் வருகின்றன. ஆகவே உறுதியான இருக்கை என்பது சிலருக்கு வயிறார உண்பதற்கான உரிமையே ஆகும்.

இருக்கை ஏன் ஆடுகின்றது? பீங்கானின் பின் விளிம்பில் உள்ள இரு துவாரங்களும் திருகாணிகளிலும் சற்றுப் பெரியனவாகவே செய்யப்படுகின்றன. சுடும்போது பீங்கான் சுருங்குவதால் துவாரங்கள் சிறிது இடம் மாறும். அதற்கு இடங்கொடுக்கவே இந்த ஏற்பாடு. அமர்வோர் உடலைத் திருப்புந்தோறும் ஆணி அந்த இடைவெளியிற் பக்கவாட்டில் நகர்கின்றது. நகர நகர, கீழேயுள்ள சுரை தளர்கின்றது. சுரையை மட்டும் முறுக்கிவிட்டுப் போவோர் சில வாரங்களில் மீண்டும் முறுக்க நேர்வது இதனாலேயே. துவாரத்துக்குள் இறங்கி இடைவெளியை அடைக்கும் கூம்பு வடிவ இறப்பர் வளையங்கள் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றை இட்டு, இருக்கையைப் பாத்திரத்தின் நடுவுக்குக் கொணர்ந்து, இரு சுரைகளையும் மாறி மாறிக் கையால் இறுக்கிய பின், குறட்டினாற் காற்சுற்று மட்டும் முறுக்கினாற் போதும். வலிமை காட்டும் இடம் இதுவன்று. பீங்கான் கண்ணாடிக்கு உறவு. மிகையாக இறுக்கினால் ஓசையின்றிக் கீறும்.

கிணற்று நீரில் உப்பு மிகுந்த ஊர்களிலும் கடலோரத்திலும் இரும்பாணி விரைவில் துருப்பிடித்து விடும். அதைச் சுழற்ற முயன்று பீங்கானை உடைத்தவர்கள் பலர். எண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டுப் பார்க்கலாம். அசையவில்லையாயின், பீங்கானின் மேல் தடித்த மட்டையை வைத்து, இரும்பறுக்கும் வாளால் ஆணியை அறுத்தலே நன்று. அதன் பின் இடுவது பித்தளை ஆணியாகவோ துருவேறா உருக்கு ஆணியாகவோ இருக்கட்டும்.

ஆணி உறுதியாக இருந்தும் இருக்கை தள்ளாடினால் அதனைத் தூக்கி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தின் கீழே சிறு இறப்பர்த் தாங்கிகள் இருக்கும். அவற்றில் ஒன்று கழன்று விழுந்தாலும் வளையம் நாற்காலின் ஒரு கால் குறைந்தது போல் ஆகிவிடும். அமரும்போதெல்லாம் வளையம் வளைந்து கீலை இழுக்கும். இறுதியிற் கீல் முறியும். சில சதம் பெறாத இறப்பர்த் துண்டு, விலையுயர்ந்த இருக்கையைக் கெடுப்பது இப்படித்தான். புதிய இருக்கை வாங்கச் செல்வோர் பாத்திரத்தின் வாயளவைக் கடதாசியில் வரைந்து, இரு துவாரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தையும் குறித்துச் செல்வது நல்லது. வட்டப் பாத்திரமும் நீண்ட பாத்திரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், ஒன்றின் இருக்கை மற்றதிற் சரியாகப் படியாது.

சில வேளைகளில் ஆடுவது இருக்கையன்று. பாத்திரமே நிலத்தில் ஆடும். விளிம்பை இரு கைகளாலும் பற்றி மெல்ல அசைத்தால் இது தெரிந்துவிடும். அடியிலுள்ள குழாய்ப் பொருத்து இவ்வசைவால் திறந்து கழிவுநீர் கசியுமாதலால், மேசனையோ குழாய் வேலை தெரிந்தவரையோ தாமதியாது அழைத்தல் வேண்டும்.

பீங்கானின் விளிம்பில் ஏறிக் குந்தும் வழக்கமும் எம்மிடையே உண்டு. குந்திப் பழகியவர்க்கு, ஊரார் பலரும் அமர்ந்த இடத்தில் தாமும் அமர்வது அருவருப்பாக இருப்பது இயல்பே. ஆனால் அமர்வோரின் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்ட விளிம்பு, பாதங்கள் இரண்டின் கீழ் ஒருமுகமாக விழும் பாரத்துக்கு ஏற்றதன்று. பாத்திரம் உடைந்தால் சில்லுகள் கத்திபோற் கூரியன. தொடையையும் பிட்டத்தையும் ஆழமாக வெட்டிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. மயிரளவு கீறல் கண்ட பாத்திரமும் அதே ஆபத்தை உடையது. பசையிட்டு ஒட்டி வைப்பது ஆபத்தை மறைப்பதேயன்றி நீக்குவதன்று.

இனி உயரம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கீரா என்பவர் குளியலறையையும் மலசலகூடத்தையும் மனித உடலின் அளவோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். உடலுக்கு ஏற்ப இருக்கை அமைவதற்குப் பதில், இருக்கைக்கு ஏற்ப உடல் வருந்துகின்றது என்பது அவ்வாராய்ச்சியிற் புலனாகும் உண்மை. வழக்கமான இருக்கை நிலத்திலிருந்து 15 அல்லது 16 அங்குல உயரத்தில் இருக்கும். உடலியலாதோருக்கென அமெரிக்க விதிகள் கூறும் உயரம் 17 முதல் 19 அங்குலம். இருக்கை உயர்ந்தால் முழங்கால் குறைவாக மடியும். எழுவதற்கு வேண்டிய வலுவும் குறையும். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோரைத் தொடக்கக் காலத்தில் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிக்க வேண்டாமென்று மருத்துவர் பலர் எச்சரிப்பதால், அவர்களுக்கு உயர்ந்த இருக்கை இன்றியமையாதது.

அதற்காக உயரம் கூடக் கூட நன்மை என்று எண்ணிவிடலாகாது. எம்மவர், சிறப்பாகப் பெண்கள், குறுகிய காலுடையோர். 19 அங்குல இருக்கையில் அவர்களின் பாதம் நிலத்திற் படியாது தொங்கும். விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். நரம்பு அழுந்திக் கால் மரத்துப் போகும். மரத்த காலை ஊன்றி எழுபவர் விழாமலிருப்பது அரிது. ஆகவே பிறநாட்டு அளவைப் பார்த்து வாங்குவதிலும், பயன்படுத்துவோரைச் செருப்புடன் நிறுத்தி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து நிலம் வரை அளந்து கொள்வது அறிவுடைமை. இருக்கையின் மேற்பரப்பு அவ்வளவை ஒட்டியோ, மூட்டு நோயுள்ளோர்க்கு ஓரிரண்டு அங்குலம் கூடியோ இருக்கலாம்.

குந்தும்போது குடலின் கடைவாயை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகின்றது என்பது உண்மை. அந்நன்மையை அமர்ந்தவாறே பெறுவதற்காகப் பாதத்தின் கீழ் ஏழெட்டு அங்குல உயரமுள்ள சிறு வாங்கு வைக்கும் முறை அண்மையிற் பரவியுள்ளது. திடகாத்திரமானவர்க்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது நல்லதே. தள்ளாத முதியவரின் காலடியில் அதனை வைப்பது, இருட்டில் இடறி விழுவதற்கு ஏற்பாடு செய்வதாகும்.

குந்துபீங்கான் மட்டுமே உள்ள வீடுகளின் நிலைமை வேறு. பிளாத்திக்குக் கதிரையொன்றை வாங்கி நடுவில் வட்டமாக வெட்டிப் பீங்கானின் மேல் வைப்பது பரவலான வழக்கம். அது சிக்கனமானது, ஆனால் மிக ஆபத்தானதும் அதுவே. அக்கதிரையின் வலிமை அதன் நடுப்பரப்பின் வளைவிலே உள்ளது. அதனை வெட்டியதும் நான்கு கால்களும் தனித்தனியாகி, ஈரத் தரையிற் பாரம் விழும்போது வெளிப்புறம் விரிந்து வழுக்குகின்றன. அதனிலும் இரும்புக் குழாயாற் செய்து மெழுகு வர்ணம் பூசிய சட்டகமே மேல். கால்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கம்பிகளும், காலடியில் இறப்பர் உறைகளும், எழும்போது ஊன்றுவதற்கு முன்னோக்கி நீண்ட கைப்பிடிகளும் அதற்கு வேண்டும். கால்கள் பீங்கானின் பாதமேடைகள் மீது ஏறாது, அவற்றுக்கு வெளியே நிலத்திற் படிய வேண்டும். நீர் ஓடுவதற்காகத் தரை சரிவாகக் கட்டப்பட்டிருப்பதால், நான்கு கால்களும் ஒரே நீளமாயின் ஒன்று அந்தரத்தில் நிற்கும். உயரம் மாற்றக்கூடிய கால்கள் தேவைப்படுவது இதனாலேயே. சட்டகம் வந்த முதல் நாளில், திடமான ஒருவர் அதில் அமர்ந்து நாற்புறமும் சாய்ந்து பார்த்த பின்னரே முதியவரை அமர்த்துதல் வேண்டும்.

இருக்கைக்குத் துணை கைப்பிடிக் கம்பி. துவாய் தொங்கவிடும் கம்பியைப் பற்றி எழுவோர் உளர். அது ஈரத் துணியின் பாரத்துக்குச் செய்யப்பட்டது. அமெரிக்க விதிகள் கைப்பிடிக் கம்பியை நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அங்குல இடைவெளியில் அமைக்கச் சொல்கின்றன. இடைவெளி கூடினால் வழுக்கிய கை அதனுள் நுழைந்து முறியும் என்பது காரணம். கம்பி தாங்க வேண்டிய பாரம் 250 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 113 கிலோகிராம். உள்ளே வெறுமையான சீமெந்துக் கற்களாற் கட்டிய சுவரில் சிறிய ஆணி இவ்வளவு பாரத்தைத் தாங்காது. சுவரை ஊடுருவிச் செல்லும் நீண்ட ஆணியும் மறுபுறத்தில் தகடும் இடுவது உத்தமம். பாரிசவாதத்தால் ஒரு புறம் செயலிழந்தவர்க்குக் கம்பி இருக்க வேண்டியது வலுவுள்ள கையின் பக்கத்தில். இதனை மறந்து, சுவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போகும் தொழிலாளரே அதிகம். பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை, ஊனமுற்றோரின் உரிமை காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. வீடுகளில் இதனைச் செய்விப்பது வீட்டாரின் பொறுப்பே.

சுகத்துக்கென விற்கப்படும் பஞ்சு வைத்த இருக்கைகள் பார்வைக்கு இனியவை. உறை கிழிந்ததும் அவை அழுக்கு நீரை உறிஞ்சும். எனவே தண்ணீராற் கழுவும் எம்மவர்க்கு ஏற்றவையல்ல. விளிம்பு மழுங்கிய, அகன்ற, உறுதியான இருக்கையே நெடுநேரம் அமர்வோர்க்கும் இதமானது. முன்புறம் திறந்த இருக்கை, கழுவுவதற்குக் கைக்கு இடமளிக்கும். மெல்ல மூடும் கீல் உடையவற்றில் பிசுபிசுத்த திரவம் அடைத்த சிறு உருளை, விழும் மூடியின் வேகத்தைத் தடுக்கின்றது; சிறு பிள்ளைகளின் விரல் நசுங்காமலிருக்க அது உதவும். அதனைக் கையால் அழுத்தி மூடினால் விரைவிற் பழுதாகும்.

இரவில் எழுந்து செல்லும் முதியவர்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. அமர்ந்திருந்தவர் சடுதியாக எழும்போது குருதியமுக்கம் தாழ்ந்து தலை சுழலும்; முக்கி வருந்தியவர்க்கு இது இன்னும் எளிதில் நேரும். எழுமுன் சிறிது நேரம் பாதங்களை அசைத்து, கம்பியைப் பற்றி மெல்ல நிமிர்தல் வேண்டும். வழியில் ஒரு சிறு மின்குமிழ் எரியட்டும். கதவைப் பற்றியும் வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். உட்புறம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால், அவருடைய உடலே கதவை அடைத்துவிடும்; வெளியில் நிற்போர் தள்ளத் தள்ள அவருக்கே காயம். கீலை மாற்றிக் கதவை வெளிப்புறம் திறக்கச் செய்வதும், வெளியிலிருந்து நாணயமொன்றாற் சுழற்றித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளை இடுவதும் ஒரு தச்சனுக்கு அரைநாள் வேலை.