இலையுதிர்காலத்துக்கும் ஒரு நோட்டுப்புத்தகம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துக்கு மேற்கே சுண்ணாம்புப்பாறைக் குன்றுகள் பரந்து கிடக்கின்றன. 'ஹில் கன்ட்ரி' என்று பெயர். ராஞ்ச் எனப்படும் பெரிய மாட்டுப்பண்ணைகள் நிறைந்த இந்தப் பகுதிக்கு வசந்தத்தில் காட்டுப்பூக்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். இலையுதிர்காலத்தை அப்படி யாரும் கொண்டாடுவதில்லை. அறிவியலும் இதே ஓரவஞ்சனையைத்தான் செய்திருக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளில் இலையுதிர்காலம் புறக்கணிக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்தக் குறையைத் தீர்க்கப் பண்ணைகளில் வாழ்பவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்பது என் கருத்து. அதற்கு அவர்கள் விஞ்ஞானிகளாக மாற வேண்டாம். ஒரே நிலத்தை ஆண்டுதோறும் பார்த்துத் தேதி போட்டு எழுதிவைத்தால் போதும்.

இலையுதிர்காலத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அக்டோபரில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் டெக்சாஸ் வழியாக மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் பறக்கின்றன. நம்மூர் எருக்கஞ்செடியில் முட்டையிடும் வரியன் பட்டாம்பூச்சிக்கு இவை நெருங்கிய உறவு. பூந்தேனைக் குடித்து உடலில் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டால்தான் மொனார்க்குகளால் குளிர்காலத்தைத் தாண்ட முடியும். அந்தத் தேனைத் தரும் செடிகளில் ஒன்று ஃப்ராஸ்ட்வீட். மரநிழலில் வளர்ந்து வெள்ளையாகப் பூப்பது. முதல் கடும் உறைபனி இரவில் இதன் தண்டு வெடித்து, உள்ளிருந்து கசியும் நீர் மெல்லிய பனிக்கட்டி நாடாவாகச் சுருண்டு வெளிவரும். வெயில் ஏறியதும் உருகிவிடும். அதே நாட்களில் சுமாக் புதர்களும் ஸ்பானிஷ் ஓக் மரங்களும் சிவக்கின்றன, சாண்ட்ஹில் கொக்குகள் உயரத்தில் குரல் கொடுத்தபடி தெற்கே போகின்றன. இவை தனித்தனிக் காட்சிகள் அல்ல. ஃப்ராஸ்ட்வீட் பூப்பதும் மொனார்க் வந்து சேர்வதும் ஒத்துப்போகின்றனவா என்பது பட்டாம்பூச்சிக்கு உயிர்ப் பிரச்சினை. அந்தப் பூக்களை எப்போது வெட்டாமல் விடவேண்டும் என்பதைப் பண்ணைக்காரர் தீர்மானிக்கவும் அந்தத் தேதிகள்தான் உதவும்.

சாதாரண மனிதர்களின் குறிப்புகளை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. மொனார்க் பட்டாம்பூச்சிகள் எங்கே போகின்றன என்ற புதிரை அவிழ்த்ததே தன்னார்வலர்கள்தான். கனடா விலங்கியலாளர் ஃப்ரெட் உர்குஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல ஆண்டுகளாக ஆட்களைத் திரட்டிப் பட்டாம்பூச்சிகளின் இறக்கைகளில் சிறு அடையாளச் சீட்டுகளை ஒட்டவைத்தார்கள். அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மெக்சிகோ மலை 1975 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் சீட்டு ஒட்டிய பட்டாம்பூச்சி அடுத்த ஆண்டு அந்த மலையிலேயே கிடைத்தது. வானத்துக்கும் இப்படியொரு சான்று உண்டு. 1952 அக்டோபரில் நான்கு இரவுகள், வட அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொலைநோக்கிகளை முழுநிலவை நோக்கித் திருப்பி, அதன் குறுக்கே பறந்த பறவைகளை எண்ணினார்கள். ஒரு கண்டத்தின் இரவுநேர வலசையே அந்த எண்ணிக்கையில் துலங்கியது.

ஆனாலும் ஒரு பிழைக்கு இடமுண்டு, அதை மறைக்கக் கூடாது. பார்க்கிறவர்கள் பெருகினால், அல்லது ஒருவரே அடிக்கடி பார்த்தால், 'முதல் வருகை' முன்கூட்டியே நடந்ததுபோலத் தோன்றும். அதனால்தான் அமெரிக்கத் தேசியப் பருவநிகழ்வு வலையமைப்பின் 'நேச்சர்ஸ் நோட்புக்' திட்டம், தென்பட்டதை மட்டுமல்லாமல் தென்படாததையும் ஒவ்வொரு முறையும் குறிக்கச் சொல்கிறது. தினமும் ஒரே வேலிப்பாதையில் மாடு பார்க்கப் போகிறவருக்கு இது கூடுதல் வேலையே அல்ல. செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். ரேடார் எவ்வளவு பறவைகள் போகின்றன என்று காட்டும், எந்தப் பறவை என்று சொல்லாது. செயற்கைக்கோளுக்குக் காட்டின் நிறம் தெரியும், ஓக் மரத்தடியில் பூத்த ஃப்ராஸ்ட்வீட் தெரியாது.

மாடு மேய்ந்த நிலம் இயற்கையே அல்ல, அதைப் பதிவுசெய்து பயனில்லை என்ற வாதம் இவை எல்லாவற்றையும்விட வலுவானதாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது. டெக்சாஸ் நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியாருடையது. பண்ணைகளை விட்டுவிட்டால் அந்த மாநிலத்தின் இயற்கையில் எழுத அதிகம் மிஞ்சாது. தவிர, பண்ணை நிலம் மாறிக்கொண்டே இருப்பது. ஜே. டேவிட் பாம்பர்கர் என்பவர் 1969இல் ஹில் கன்ட்ரியில் ஜான்சன் சிட்டி அருகே வாங்கிய நிலம், அளவுக்கு மீறிய மேய்ச்சலால் சீரழிந்து ஜூனிபர் புதர் மண்டிக் கிடந்தது. அவர் புதர்களை அகற்றி நாட்டுப் புல்வகைகளை விதைத்தார். சில ஆண்டுகளில் ஊற்றுகள் சுரக்கத் தொடங்கின. இத்தகைய மீட்சி பலித்ததா என்று அறிய, முன்பு என்ன இருந்தது என்ற குறிப்பு வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் இயற்கையியலாளர் ஆல்டோ லியோபோல்ட் 1935இல் வாங்கியதும் சத்து உறிஞ்சப்பட்ட பண்ணைதான். அங்கு அவர் எடுத்த குறிப்புகளை அவர் மகள் நீனா பிற்காலத்தில் தொடர்ந்தார். இரண்டையும் சேர்த்து 1999இல் வெளியான ஆய்வு, பல வசந்த நிகழ்வுகள் முன்னதாக நடக்கத் தொடங்கிவிட்டதைக் காட்டியது. இலையுதிர்காலத்துக்கு அப்படிப்பட்ட நீண்ட குறிப்புகள் மிகக் குறைவு.

இதுபோன்ற குறிப்புகளைச் சேர்க்க இந்தியாவிலும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் நடக்கிறது. வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் தளிர், பூ, காய், உதிரும் இலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒன்றும் இல்லாத வாரத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். அதுவும் தரவுதான்.