‘சி’ பட்டன் எதற்கு?

2025 ஜனவரி 16. நின்டென்டோ நிறுவனம் தன்னுடைய அடுத்த கன்சோலான ‘ஸ்விட்ச் 2’-ஐ முதன்முறையாகக் காட்டியது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடிய வீடியோ. அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களைவிட, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர்களே அதிகம். பெரிய திரை, பழையதைப் போலவே கழற்றி மாட்டும் ஜாய்கான் கன்ட்ரோலர், ஆனால் இந்த முறை தண்டவாளத்துக்குப் பதில் காந்தம் என்று எல்லாமே பல மாதங்களாகப் பேசப்பட்ட சங்கதிகள்தான். பிடிபடாமல் போனது ஒன்றே ஒன்று. வலது ஜாய்கானில், ஹோம் பட்டனுக்குக் கீழே, எழுத்தே இல்லாத கறுப்புச் சதுரமாக ஒரு புதிய பட்டன். அதில் ‘சி’ என்ற எழுத்து இருக்கும் என்று ஏற்கெனவே செய்தி கசிந்திருந்தது. எதற்கு அது? யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த இரண்டரை மாதங்கள் ரசிகர்களுக்குத் துப்பறியும் திருவிழா. வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தார்கள். அதில் கண நேரம் வந்துபோன புதிய மரியோ கார்ட் காட்சியில், பந்தயம் தொடங்கும் இடத்துக் கட்டங்களை ஒன்று விடாமல் எண்ணினார்கள். 24 இருந்தன. முந்தைய மரியோ கார்ட்டில் மொத்தமே 12 வண்டிகள்தான். ஆகவே இதில் 24 பேர் ஓடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அது அப்படியே பலித்தது. ஜாய்கான்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தரையில் சறுக்கிச் செல்லும் காட்சியைப் பார்த்து, இது கணினி மவுஸ் போலவும் வேலை செய்யும் என்றார்கள். அதுவும் சரி.

ஹெல்மெட் கனவு

கேமர்களின் ஊகம் எப்போதும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. 20 ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் கதையே வேறு.

2005 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில், நின்டென்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டா ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் கையில் தூக்கிக் காட்டினார். மூன்று டிவிடி உறைகளை அடுக்கிய அளவு. பெயர் ‘ரெவல்யூஷன்’, புரட்சி செய்யப்போகிறதாம். எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. கன்ட்ரோலரைக் கண்ணில் காட்டவே இல்லை.

விட்ட இடத்தை ரசிகர்களின் கற்பனை நிரப்பியது. தலையில் மாட்டும் ஹெல்மெட், முழுக்க முழுக்கத் தொடுதிரை, காற்றில் மிதக்கும் முப்பரிமாணப் படம் என்று ஆளுக்கொரு கனவு. அந்தக் கண்காட்சிக்குச் சில நாள்களுக்கு முன்பு ‘நின்டென்டோ ஆன்’ என்ற ஹெல்மெட் விளம்பரம் ஒன்று இணையத்தில் சுற்றியது. பார்ப்பதற்கு அசல் நிறுவன விளம்பரம்போலவே இருந்ததால் பலர் நம்பிவிட்டார்கள். அதைச் செய்தவர் ஒரு ரசிகர்.

செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோ மேடையில் இவாட்டா கன்ட்ரோலரைக் காட்டியபோது, அது டிவி ரிமோட் மாதிரி இருந்தது. உடன் காட்டிய வீடியோவில் விளையாட்டுத் திரையே தெரியவில்லை. ரிமோட்டை வீசி மீன் பிடிப்பவர்கள், மேளம் அடிப்பவர்கள் என்று மனிதர்களை மட்டுமே காட்டினார்கள். 2006 நவம்பரில் அந்தக் கன்சோல் ‘வீ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, 10 கோடிக்கும் மேல் விற்றது. இருப்பதைவிடப் பெரிதாக, வேகமாக, பளபளப்பாக வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்பட்டிருந்தார்கள். பாட்டியும் எழுந்து நின்று டென்னிஸ் ஆடுவாள் என்பது அந்த ஆசைப் பட்டியலில் இல்லாத விஷயம்.

காப்புரிமையும் சரக்குச் சீட்டும்

அடுத்த புதிருக்கு, பின்னாளில் ‘ஸ்விட்ச்’ ஆக வந்த கன்சோலுக்கு, ‘என்எக்ஸ்’ என்று பெயர். 2015 மார்ச்சில் இவாட்டா அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், 55 வயதில், அதன் முகத்தை உலகம் பார்க்கும் முன்பே காலமானார். இந்த முறை ரசிகர்கள் கற்பனையை விட்டுவிட்டு ஆவணங்களைத் தோண்டினார்கள். முட்டை வடிவத்தில், முகப்பு முழுவதும் திரையாக, அதைத் துளைத்துக்கொண்டு இரு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலருக்கு நின்டென்டோ காப்புரிமை கேட்டிருந்த விண்ணப்பம் கிடைத்தது. 2016 மார்ச்சில் அதே வடிவில் ஒரு கன்ட்ரோலரின் ‘ரகசிய’ப் படங்களும் வெளிவந்தன. மேஜைமேல் கிடக்கும் அசல் பொருள்போல இருந்ததால் பலரும் தடுமாறினார்கள். சில நாள்களில், செய்தவர்களே முன்வந்து தாங்கள் செய்த போலி அது என்று விளக்கி வீடியோ போட்டார்கள்.

நிறுவனங்கள் காப்புரிமை வாங்கும் யோசனைகள் எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 விஷயத்திலும் இதே கூத்துதான். 2019-இல் பிரேசில் காப்புரிமை அலுவலகப் பதிவில் ‘வி’ வடிவப் பெட்டி ஒன்று சிக்க, இதுதான் புதிய கன்சோல் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்தது. அது கேம் தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கும் சோதனைப் பெட்டி. கடைக்கு வந்தது வேறு.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு துப்பறிதல் இன்னும் கெட்டிப்பட்டது. 2024-இல் வியட்நாம் தொழிற்சாலைக்குப் போன உதிரிபாகங்களின் சரக்குப் பதிவுகளைச் சில ரசிகர்கள் வரிவரியாகப் படித்து, புதிய ஸ்விட்ச்சில் 12 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு இருக்கும் என்று சொன்னார்கள். ஓராண்டு கழித்து வந்த பெட்டியில் அச்சு அசலாக அதுவே இருந்தது. 2005-இல் ஊகம் என்பது ஆசை. இப்போது அது கணக்கெழுத்து.

ஏன் இத்தனை ரகசியம்?

நிறுவனங்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. புதியது வருகிறது என்று தெரிந்துவிட்டால் பழையது கடையில் தூங்கும். அடுத்து, போட்டியாளர் பயம். ‘வீ’ ரிமோட்டைக் காட்டி எட்டு மாதங்களில், அசைவை உணரும் கன்ட்ரோலரோடு சோனி மேடை ஏறியது. மூன்றாவது காரணம் ரசிகர்களுக்கே உரியது. பாகங்களின் பட்டியல் கையில் கிடைத்தாலும், அதை வைத்து என்ன விளையாடப்போகிறோம் என்பது பட்டியலில் இருக்காது. அதைக் காட்டும் நாளுக்காகத்தான் நிறுவனம் வாய்மூடிக் காத்திருக்கிறது.

‘சி’ பட்டன் அதற்கு நல்ல உதாரணம். அதன் இடமும் எழுத்தும் முன்பே தெரிந்திருந்தும், பயன் 2025 ஏப்ரல் 2 அன்றுதான் உறுதியானது. அதை அழுத்தினால் ‘கேம்சாட்’. ஆடிக்கொண்டே நண்பர்களோடு பேசலாம். கேமராவைச் செருகினால் முகமும் தெரியும். சாட் என்பதற்குத்தான் ‘சி’ என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் அன்று பேச்சு முழுவதையும் விழுங்கியது விலைதான். கன்சோல் 450 டாலர், மரியோ கார்ட் மட்டும் தனியாக 80 டாலர். அடுத்த நாள் நின்டென்டோ நடத்திய நேரலையில், பார்வையாளர்கள் ‘விலையைக் குறை’ என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பு வந்த அதே ஏப்ரல் 2 அன்று, அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள்மீது புதிய இறக்குமதி வரிகளையும் அறிவித்தார். வியட்நாம் பொருள்களுக்கு 46 சதவீதம். இரண்டு நாள்களில் அமெரிக்காவில் முன்பதிவையே தள்ளிவைத்தது நின்டென்டோ. ஏப்ரல் 24-இல் அது தொடங்கியது. கன்சோல் விலை அப்போது மாறவில்லை. ஜூன் 5-இல் விற்பனைக்கு வந்து, நான்கே நாள்களில் 35 லட்சம் விற்றது.

வியட்நாம் சரக்குச் சீட்டைப் படித்து ராம் எவ்வளவு என்று ஓராண்டு முன்பே சொல்லிவிட்டார்கள் கில்லாடிகள். அதே சரக்குமீது என்ன வரி விழும் என்பதை எந்தச் சீட்டிலும் அவர்களால் படிக்க முடியவில்லை.