பவன் இல்லாத களம்: 2022 தொடரில் தமிழ் தலைவாஸ் மீண்டு வந்த கதை

புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது தொடர் 2022 அக்டோபர் 7 அன்று பெங்களூருவில் தொடங்கியது. அதற்கு முன் ஆடிய நான்கு தொடர்களில் ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் சுற்றை எட்டாத தமிழ் தலைவாஸ் அணி, அந்த ஆண்டு ஏலத்தில் பாடிச் செல்லும் ரைடரான பவன் செஹ்ராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. லீக் வரலாற்றில் அதுவரை எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. அக்டோபர் 8 அன்று குஜராத் ஜயண்ட்ஸுடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடரைப் பிடிக்கப் பாய்ந்த பவனின் முழங்காலில் அடிபட்டது. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. அந்தத் தொடரில் பவன் மறுபடி களமிறங்கவில்லை. முதல் சில வாரங்களில் அணி பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளரும் மாறினார். ஆனால் டிசம்பரில் லீக் சுற்று முடிந்தபோது அதே அணி ஐந்தாம் இடத்தில் நின்றது. அரையிறுதி வரை போனது.

இந்த மீட்சியை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ரசிகர்கள் பார்த்த விதம் தனியானது. காரியாபட்டி, நரிக்குடி வரை பரந்து கிடக்கும் இந்த மானாவாரி நிலத்தில் கபடிக்கென்று ஒரு பருவம் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் களையெடுப்பு என்று ஊர் காட்டில் கிடக்கும். மழையில் நனைந்த கரிசல் காலில் அப்பும். காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். இரண்டு நிலையிலும் அதன்மேல் கபடி ஆட முடியாது. அதனால் தைப்பொங்கலுக்கும் பங்குனி, சித்திரைக் கோயில் திருவிழாக்களுக்கும் ஊர்ப் பொட்டலில் மணலோ செம்மண்ணோ கொட்டி, கல் பொறுக்கி, கோடு போட்டு, விளக்குக் கட்டிப் போட்டி நடத்துவார்கள். அவை பெரும்பாலும் நாக்-அவுட் போட்டிகள். தோற்ற அணி அன்று இரவே ஊர் திரும்பும். இந்த முறையில் பழகிய கண்ணுக்கு ஒரு தோல்வி என்றால் முடிவு என்றுதான் பொருள். அக்டோபரில் தலைவாஸ் அடுத்தடுத்துத் தோற்றபோது "இந்த வருசமும் அவ்வளவுதான்" என்று பலர் முடிவு கட்டியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

லீக் கணக்கு அப்படி நடப்பதில்லை. அந்தத் தொடரில் 12 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். வெற்றிக்கு 5 புள்ளி, சமனுக்கு இரு அணிக்கும் மும்மூன்று. 7 அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் அப்போது ஒரு புள்ளி இருந்தது. கால்பந்து லீக்குகளில் வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோற்றால் எதுவுமில்லை. அன்றைய புரோ கபடியில் நெருக்கமாகத் தோற்பதற்கும் விலை இருந்ததால் கடைசி ஐந்து நிமிடங்களின் தன்மையே மாறிவிட்டது. ஒன்பது புள்ளி பின்தங்கிய அணி வெற்றிக்காகக் கண்மூடித்தனமாகப் பாயலாம். அல்லது இடைவெளியை ஏழுக்குள் கொண்டுவந்து ஒரு புள்ளியோடு போகலாம். முன்னிலையில் இருக்கும் அணி அந்த ஒரு புள்ளியையும் தடுக்கப் பார்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முடிந்துபோன ஆட்டமாகத் தெரிவது, பட்டியலில் தொங்கும் அணிக்கு உயிர் ஆட்டமாக இருக்கும். அந்தத் தொடரில் முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் பிளே-ஆஃப். அதில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்கும், மற்ற நான்கும் எலிமினேட்டர் ஆட்டங்களுக்கும் போகும். 22 ஆட்டங்களில் பத்தை வென்று, சமன்களையும் நெருக்கமான தோல்விகளையும் சேர்த்துக்கொண்டால் ஆறுக்குள் வந்துவிடலாம். தலைவாஸ் வந்தது ஏறத்தாழ அப்படித்தான்.

பவன் போனதால் அணி எதை இழந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். கபடியில் ஒருவர் பிடிபட்டாலோ தொடப்பட்டாலோ வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய அணி புள்ளி எடுத்தால்தான் உள்ளே வர முடியும். அதுவும் வெளியே போன வரிசைப்படி. முதன்மை ரைடர் ஒரு சுற்றில் இரண்டு பேரைத் தொட்டு வந்தால், புள்ளி இரண்டு ஏறுவதோடு வெளியே இருக்கும் தன் ஆட்கள் இருவரும் உயிர் பெறுவார்கள். அவர் இல்லாவிட்டால் இந்தச் சுழற்சி நின்றுபோகும். களத்தில் ஆள் குறையக் குறையப் பிடி தளரும். ஏழு பேரும் வெளியேறினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். லோனா என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் ஆல் அவுட் இது. ஒரு நல்ல ரைடரின் மதிப்பை அவர் எடுத்த புள்ளியை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. அவர் உள்ளே இருப்பதால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த இடத்துக்கு வந்தவர் நரேந்தர். புரோ கபடியில் அது அவருக்கு முதல் தொடர். பெரிய பெயர் இல்லாத இளைஞர் தொடர் முடிவில் 243 ரைடு புள்ளிகள் எடுத்திருந்தார். அவர் ஓட்டமும் உயரமும் கொண்டவர். கைகோத்து நிற்கும் எதிரணிச் சங்கிலிக்கு நடுவில் புகுந்து வெளிவரத் தயங்காதவர். ஆனால் பவனின் சுமை முழுவதையும் அவர் ஒருவர் தோளில் ஏற்றவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அஜிங்கியா பவார் அதில் ஒரு பங்கைச் சுமந்தார். தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றிப் போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரைடர் அவுட். இந்த 'டூ ஆர் டை' ரைடுக்கு அஜிங்கியாவை அனுப்புவது அணியின் வழக்கமானது. இதனால் நரேந்தர் தனக்குச் சாதகமான நேரங்களில் மட்டும் பாய முடிந்தது. ஒரு ரைடுக்கு 30 விநாடி. இரண்டு வெறும் ரைடுகளில் ஒரு நிமிடம் கரைந்துவிடும். முன்னிலையில் இருக்கும் அணிக்கு இது தற்காப்பு. பின்தங்கிய அணிக்கும் எதிரணியின் வேகத்தைத் தணிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. விசிலடிக்கும் கூட்டத்துக்கு வெறும் ரைடு சலிப்பூட்டும். ஆனால் நடுத்தொடரில் தலைவாஸ் பிழைத்ததில் இந்தப் பொறுமைக்குப் பெரும் பங்கு உண்டு.

அதைவிடப் பெரிய பங்கு பிடிப்பவர்களுக்கு. பயிற்சியாளர் ஜெ. உதயகுமாருக்குப் பதிலாக வந்த அஷன் குமாரின் காலத்தில் அணியின் அடையாளமே தற்காப்பாக மாறியது. களத்தில் ஏழு பேர் நிற்கும்போது இரு ஓரங்களில் இரண்டு கார்னர்கள், அவர்களை ஒட்டி இருவர், நடுவை நோக்கி இரண்டு கவர்கள், மையத்தில் ஒருவர் என்று அரைவட்டமாக நிற்பார்கள். கார்னரின் வேலை ரைடரின் காலைப் பிடிப்பது. கணுக்காலைப் பிடித்தால் ஆங்கிள் ஹோல்டு, தொடையை வளைத்தால் தை ஹோல்டு. கவரின் வேலை, கால் சிக்கிய ரைடர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் வழியை மறிப்பதும் தோளால் முட்டி வெளியே தள்ளுவதும். கார்னர் பிடித்த நொடியில் கவர் வரவில்லை என்றால் அந்தப் பிடி எதிரணிக்குப் புள்ளியாக முடியும். தலைவாஸில் வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா, கவர்களில் எம். அபிஷேக்கும் மோஹித்தும் நின்றார்கள். பவனுக்குப் பின் அணித்தலைமையும் சாகரிடம் வந்தது. இந்த நால்வரும் பெரும்பாலும் சேர்ந்தே ஆடியதால், ஒருவர் பாயும்போது அடுத்தவர் எங்கே இருப்பார் என்பது பேசாமலே தெரிந்தது. தனித் திறமையை ஏலத்தில் வாங்கலாம். இந்தப் பழக்கம் ஆடி ஆடித்தான் வரும். முதல் வாரங்களில் இல்லாமல் நடுத்தொடரில் வந்தது இதுவே.

ஆள் குறைந்த நேரத்தையும் இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். களத்தில் மூன்று அல்லது அதற்குக் குறைவானவர்கள் இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. இதற்குச் சூப்பர் டேக்கிள் என்று பெயர். இரு கார்னர்களும் உள்ளே இருக்கும் மூவர் அணி, பலவீனமான அணியல்ல. எதிரணி ரைடர் அங்கே தயங்கியே கால் வைப்பார்.

எதிரணிக்கு ஏற்பத் திட்டம் மாறுவதும் தற்காப்பில்தான். தன் இடப்பக்கத்திலிருந்து பாடிச் செல்லும் ரைடர் எதிரணியின் வலது கார்னரையும் வலது கவரையும் சோதிக்கிறார். வலப்பக்கத்து ரைடருக்கு எதிர்ப்படுபவர்கள் இடது கார்னரும் இடது கவரும். ஆகவே ஓர் அணியின் முதன்மை ரைடர் எந்தப் பக்கத்துக்காரர் என்பதைப் பார்த்தே இந்த ஆட்டத்தில் சாகருக்கு வேலையா, சாஹிலுக்கு வேலையா என்று சொல்லிவிடலாம். போனஸ் எடுக்கும் ரைடருக்கு வேறு கணக்கு. ஆறு அல்லது ஏழு பேர் களத்தில் இருக்கும்போது மட்டுமே போனஸ் கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டக் கால் நீளும் நொடிதான் கார்னருக்கு வாய்ப்பு. உடல் பலத்தால் சங்கிலியைக் கிழித்துப்போகும் அப்போது பெங்கால் வாரியர்ஸில் ஆடிய மனிந்தர் சிங் போன்றவரிடம் காலை மட்டும் பிடித்துப் பயனில்லை. நான்கு பேர் ஒன்றாக விழ வேண்டும். அப்போது யுபி யோதாஸில் ஆடிய பர்தீப் நர்வாலின் ஆயுதம் டுப்கி. தன்னைச் சூழ்ந்தவர்களின் கைகளுக்கடியில் குனிந்து நழுவி நடுக்கோட்டைத் தொடும் வித்தை அது. அவரிடம் கவர்கள் மார்பளவில் முட்டப் போனால் தலைக்குக் கீழே புகுந்து போய்விடுவார்; இடுப்புக்குக் கீழே தாழ்ந்து மறிக்க வேண்டும்.

மண்ணில் ஆடியவர்கள் இந்த நுணுக்கங்களை எளிதில் அடையாளம் காண்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற மணத்தி கணேசன் இப்படிப்பட்ட தென்கோடி மண்ணில் உருவானவர்தான். ஆனால் மண்ணுக்கும் லீக் ஆட்டங்கள் நடக்கும் 'மேட்' (mat) விரிப்புக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேட்டில் காலணி பிடித்துக்கொள்ளும்; ரைடர் நின்ற இடத்திலிருந்து சட்டென்று திரும்ப முடியும். மண்ணில் சறுக்கும் என்பதால் கார்னருக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். மண்ணில் தேர்ந்த பையன்கள் மேட்டில் ஏறியதும் தாமதமாகப் பாய்வதற்கு இதுவே காரணம். மேட்டில் பழக இடம் கிடைக்காத வட்டாரங்களின் இழப்பு இது. தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அணியில் அரியானா வீரர்கள் நிறைந்திருப்பது பற்றிய ஆதங்கத்துக்கும் விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

லீக் சுற்றின் கடைசிப் பகுதியில் சாகரும் காயத்தால் விலகினார். பவனை இழந்த அணி அவருக்குப் பின் வந்த தலைவரையும் இழந்த நிலையில், அஜிங்கியா பொறுப்பேற்றார். 10 வெற்றி, 4 சமன், 8 தோல்வி; 66 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். டிசம்பர் 13 அன்று மும்பையில் நடந்த எலிமினேட்டரில் எதிரே நின்றது யுபி யோதாஸ். முழு நேர முடிவில் 36-36. அடுத்து டை-பிரேக்கர். இரு அணிக்கும் ஐந்தைந்து ரைடுகள்; ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ரைடர். யார் அவுட் ஆனாலும் வெளியே போவதில்லை, புள்ளி மட்டுமே கணக்கு. ஒரே ரைடரை நம்பிய அணிக்கு இந்த முறை கொடுமையானது. நடுத்தொடரிலிருந்தே ரைடுகளைப் பகிர்ந்து ஆடிப் பழகியிருந்த தலைவாஸ் அதை 6-4 என்று வென்றது. அணி முதன்முறையாக ஓர் அரையிறுதிக்குப் போனது.

டிசம்பர் 15 அன்று அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39-37 என்று தோற்றது. இரண்டே புள்ளி. லீக் சுற்றாக இருந்தால் அந்தத் தோல்விக்கும் ஒரு புள்ளி கிடைத்திருக்கும்; ஆனால் அரையிறுதி நாக்-அவுட். இறுதியில் புனேயை 33-29 என்று வென்று ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பையை எடுத்தது.

அடுத்த தொடருக்கு அஷன் குமார், சாகர், சாஹில் குலியா, நரேந்தர், அஜிங்கியா எல்லோரும் திரும்பி வந்தார்கள். முந்தைய ஆண்டு நடுத்தொடரில் கண்டுபிடித்த அதே அணி இம்முறை முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. ஆனால் அந்தத் தொடரின் நடுப்பகுதியில் அடுக்கடுக்காகத் தோற்று, முதல் ஆறு இடங்களுக்குள் வராமலே வெளியேறியது. நரேந்தர் எந்த நேரத்தில் எந்த இடைவெளிக்குள் பாய்வார், சாகர் எப்போது காலுக்கு இறங்குவார் என்பதைக் காணொளியில் பார்த்துப் படிக்க எதிரணிகளுக்கு ஓராண்டு கிடைத்திருந்தது.