எந்தப் பசுந்தாள் விதைப்பது? மண்ணே சொல்லும்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் கொட்டுகிற மழை கொட்டாரம் இருக்கும் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்துக்குக் கிடைப்பதில்லை. வெயிலும் காற்றும்தான் அதிகம். கத்தரியும் வெண்டையும் தடியங்காயும் காய்த்து ஓய்ந்த செம்மண் தோட்டத்தை இங்கே வெறுமனே போட்டுவைத்தால் நட்டம் நமக்குத்தான். வெயிலில் மட்கு கரைந்து குறைகிறது. கோடைமழை மேல்மண்ணை அரித்துப் போகிறது. நைட்ரேட் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த பட்டத்துக்கு அதையே மூட்டை மூட்டையாக விலைகொடுத்து வாங்குகிறோம்.

இதைத் தடுக்க மூடுபயிர் போதும். பசுந்தாள் உரம் என்ற பெயரில் நம் விவசாயிகளுக்குப் பழகிய சங்கதிதான். ஆனால் கைக்குக் கிடைத்த விதையைத் தூவிவிடுவது சரியல்ல. எந்தப் பயிர் வேண்டும் என்பதை மண் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் சூட்சுமம்

மண் பரிசோதனை முடிவை அட்டையாகத் தரும் மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்கள் அந்த அட்டையில் உண்டு. மாதிரி பிழையானால் அத்தனையும் பிழை. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவத்தில் குழி வெட்ட வேண்டும். காய்கறிக்கு 9 அங்குல ஆழம். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, அரைக்கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்த வேண்டும். உரச்சாக்கில் போட்டு எடுத்துப் போகக் கூடாது.

அட்டை வந்ததும் முதலில் அங்ககக் கரிமத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மண் பசியில் இருக்கிறது. அடுத்தது மணிச்சத்து. ஆண்டுதோறும் டி.ஏ.பி. போட்டு வந்த தோட்டத்தில் அது எக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டியிருக்கலாம். அதற்கு மேலும் கொட்டினால் காசு வீண். செடி துத்தநாகத்தை எடுப்பதற்கும் அது தடையாகும். கார அமில நிலை 6-க்குக் கீழே இறங்க இறங்க, மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும். அந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது சுண்ணாம்பு.

வேரைப் பிடுங்கிப் பாருங்கள்

கடலுக்கு அருகே கிணற்றுநீர் உப்பேறி, அட்டையிலும் உப்பு கூடியிருந்தால் தக்கைப்பூண்டு நல்லது. உப்பையும் தேங்கும் நீரையும் அது தாங்கும். வடிகால் நன்றாக உள்ள செம்மண்ணுக்குச் சணப்பை பொருந்தும். தட்டைப்பயறு நிலத்தை வேகமாக மூடும், காயும் தரும். ஆனால் நூற்புழு உள்ள தோட்டத்தில் அதை விதைத்தால் புழுவுக்கு நாமே இரை வைத்ததாகும்.

நூற்புழு இருப்பதை எப்படி அறிவது? ஓய்ந்துபோன கத்தரிச் செடியைப் பிடுங்கி வேரை நீரில் அலசுங்கள். வேரே அங்கங்கே வீங்கி, கழற்ற முடியாத முண்டுகளாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அந்தத் தோட்டத்துக்குச் சணப்பைதான் மருந்து. இந்தப் புழு அதில் பெருக முடியாது.

சணப்பையின் வேரிலும் முடிச்சுகள் இருக்கும். ஆனால் அவை பக்கவாட்டில் ஒட்டியிருப்பவை. நகம் பட்டாலே கழன்று வரும். ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. ஆக்சிஜன் மிஞ்சினால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி செயலிழந்துவிடும். அதனால் அந்தப் புரதம், முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. இளம் செடியின் முடிச்சு சிவக்காமல் வெளிறியிருந்தால் தழைச்சத்து சேரவில்லை என்று பொருள். அடுத்த முறை விதையை ரைசோபியம் உயிர் உரத்தில் நேர்த்தி செய்து விதைக்க வேண்டும்.

தக்கைப்பூண்டு என்றால் ஏக்கருக்கு 20 கிலோ விதை. சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் தாங்களே எடுத்துக்கொள்ளும், நாற்று வெளுக்கும். சித்திரை மழையில் விதைத்து வைகாசிக் கடைசியில் மடக்கி உழுதால், மட்குவதற்கு இரண்டு வாரம் விட்டாலும் ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயார்.

கோவையின் நூற்றாண்டுப் பாடம்

கோவையில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இன்றும் நடக்கிறது. தொழுவுரத்தையும் ரசாயன உரத்தையும் சேர்த்துப் பெற்ற பாத்திகளே கரிமத்திலும் விளைச்சலிலும் முன்னே நிற்கின்றன. குன்னூரில் ஆய்வு செய்த ராபர்ட் மெக்காரிசனும் கோவை வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், மாட்டெருவில் விளைந்த தானியத்தில் ஊட்டம் கூடுதல் என்று 1926-இல் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகவில்லை. என்றாலும் ஒன்று உறுதி. யூரியாவை அள்ளிப் போட்டுத் தளதளவென வளர்ந்த செடியை அசுவினி தேடி வரும். அசுவினிக்கு மருந்தடித்தால் அந்த மருந்து நம் தட்டுக்கும் வரும். அளவறிந்து ஊட்டினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும்.

வழிகாட்டத் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பசுந்தாள் விதைக்கு மானியம் தர, 2024-இல் அறிவிக்கப்பட்ட 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அடுத்த மூட்டை உரம் வாங்கும் முன் அரைக்கிலோ மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த மூட்டையே தேவையில்லை என்றும் பதில் வரலாம்.