கணிப்பொறி சொல்வதுதான் காரணமா?



காலையில் கடை திறக்கப் போன பையன், "ஷட்டர் தூக்க முடியவில்லை" என்று வந்து சொன்னால் அது உண்மைதான். ஆனால் உள்ளே மூட்டை சரிந்து அடைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. பில் போடும் கணிப்பொறி காட்டும் செய்தியும் அப்படித்தான்.

ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, எங்கள் கடைக் கணிப்பொறி "சர்வருடன் தொடர்பு இல்லை, நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்" என்றது. வயரை மாற்றினோம். ஸ்விட்ச் பெட்டியையும் புதிதாக வாங்கி மாட்டினோம். பலன் இல்லை. கையால் பில் எழுதிச் சமாளித்தோம். பார்க்க வந்த ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்றார். வரவேண்டிய பாக்கி முழுவதும் அதற்குள் இருந்தது. மனம் ஒப்பவில்லை, வேண்டாம் என்றோம்.

மாலையில் வேறொரு தம்பி வந்தார். அவர் வயரைத் தொடவே இல்லை. சர்வர் புரோகிராம் தானே எழுதி வைக்கும் 'லாக்' என்ற குறிப்பைத் திறந்தார். டிஸ்கில் இடம் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. பாதுகாப்புக்காகத் தினமும் எடுத்த பேக்கப் நகல்களே அதே டிஸ்கில் குவிந்து அதை நிரப்பிவிட்டன! அவற்றை வேறு டிஸ்குக்கு மாற்றியதும் சர்வர் ஓடத் தொடங்கியது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பில் போடும் கணிப்பொறி சர்வரைக் கூப்பிடுகிறது. பதில் வராவிட்டால் 'தொடர்பு இல்லை' என்கிறது. சர்வர் ஏன் எழவில்லை என்பது அதற்குத் தெரியாது. சர்வர் கணிப்பொறியிலேயே விண்டோஸ் காட்டும் 1067 என்ற பிழை எண்ணும், புரோகிராம் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று மட்டுமே பொருள்படும். காரணம் அதில் இல்லை.

டிஸ்க் நிரம்புவது ஒரு காரணம். அதே போர்ட் எண்ணை வேறொரு புரோகிராம் பிடித்துக்கொள்வது, கணக்கு இருக்கும் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லாமல் போவது, திடீர் மின்தடையில் கோப்பு கெடுவது ஆகியவை மற்றவை. நான்குக்கும் கடையில் தெரியும் செய்தி பெரும்பாலும் ஒன்றே.

ஆகவே நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்:

1. திரையில் வந்த செய்தியை அப்படியே எழுதி வையுங்கள்.

2. பழுது பார்ப்பவரிடம், "லாக் பார்த்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள். விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்ற இடத்திலும் குறிப்பு இருக்கும். பல பிழைகள் வரிசையாக இருந்தால், கடைசியாக ஓட முயன்றபோது வந்தவற்றில் முதல் பிழையைப் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவே.

3. டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

4. பேக்கப் நகலை வேறு டிஸ்கில் வையுங்கள்.

5. கணக்கு ஃபோல்டருக்கு நகல் எடுக்காமல் எதையும் அழிக்க விடாதீர்கள்.

புதிய ஸ்விட்ச் பெட்டிக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். பாக்கிக் கணக்கு போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?