ஓடில்லா நத்தையும் அதன் நிறங்களும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனிலே தொடங்குதல் மரபு. யாமும் அம்மரபைக் கைவிடோம். ஆயினும் எமது நாட்டம் மீனின் மேலதன்று. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் ரெனென்ற் என்பார் இரவிலே தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தம் செவியாற் கேட்டார். மீனவரோ அஃது ஊரியின் குரல் என்றனர். ஊரியினம் ஒலி எழுப்புமோ என்று அவர் சான்று தேடியபோது, அகப்பட்டது பிரித்தானியக் கடலில் வாழும் ஓடற்ற நத்தையொன்றே. அதனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு வைத்த கிராண்ட் என்னும் பேராசிரியர், பாத்திரத்தைக் கம்பியால் தட்டினாற் போன்ற ஓசையைக் கேட்டதாக எழுதியிருந்தார். பாட்டு நிற்க. அந்த நத்தையின் குலத்தைப் பற்றியே ஈண்டுக் கூறுவோம்.

இவற்றைக் கடலட்டை என்பாரும் உளர்; அது பிழை. நம் கரைகளில் அவித்து உலர்த்தி விற்கப்படும் கடலட்டை, நட்சத்திர மீனுக்கு உறவான வேறோர் இனம். யாம் கூறுவது நத்தை, மட்டி, கணவாய் என்பவற்றின் சுற்றம். முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்குச் சுருண்ட ஓடு உண்டு. வளருங்கால் அதனை உதிர்த்துவிடும்.

நம் கிழக்குக் கரையில் இவற்றை முறையாக ஆராய்ந்தவர் கேலார்ட். இலங்கையிலே பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் படை மருத்துவரானவர். முத்துச்சிப்பியை ஆராயுமாறு அரசினர் பணித்த காலத்தில், திருகோணமலைக் கடலில் இச்சிற்றுயிர்களையும் கண்டு, உயிரோடிருக்கும்போதே நிறந்தீட்டிப் படமாக்கினார். 1858இல் அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று பிடெலிஸ். இன்று கோனியோபிராங்கஸ் என்னும் பேரினத்துள் வைக்கப்பட்டுள்ளது.

அதன் நீளம் 3 சென்ரிமீற்றர் அளவினது. தலைப்புறத்தில் இரண்டு கொம்புகள். அவை பார்ப்பதற்கல்ல, நீரில் கரைந்துவரும் மணத்தை அறிவதற்கு. தீண்டினால் உறைக்குள் வாள் புகுவதுபோல் உள்ளே ஒடுங்கும். பின்புறத்தில், மலவாயைச் சூழ்ந்து, மூச்சு விடும் உறுப்பு வட்டமாய் விரிந்து நிற்கும். மீனின் அவ்வுறுப்பை நம்மவர் ‘பூ’ என்பர். மீனிடத்து அது செவிமூடியினுள்ளே மறைந்திருப்பதால் அப்பெயரின் நயம் பலர்க்கும் புலப்படுவதில்லை; இந்நத்தையின் முதுகிலோ அது மெய்யாகவே மலர்ந்த பூ. வாயினுள் நுண்பற்கள் வரிசையாய்ப் பதிந்த அரம்போன்ற நாக்கு உண்டு. அதனாற் கடற்பஞ்சைச் சுரண்டி உண்ணும். பஞ்சிலுள்ள கைப்பும் நஞ்சும் இதனைக் கொல்லாமல், போர்வையின் ஓரத்துச் சிறு பைகளிற் சேமிக்கப்படும். ஒருமுறை கடித்த மீன் மறுமுறை அந்நிறத்தைக் கண்டால் விலகும். ஓடு போயிற்று, நிறமே ஓடாயிற்று. ஒளியையும் இருளையும் மட்டுமே பிரித்தறியும் கண்ணுடைய இவ்வுயிருக்குத் தன் அழகு தெரியாது.

நிறத்தை இனிக் காண்போம். முதுகு பாலாடை வெண்மை. சுற்றிலும் கருஞ்சிவப்புக் கரை. அது வேட்டிக்கரைபோல் நேராய் ஓடாது, உட்புறம் அலையலையாய் வளையும். அதற்கு வெளியே செம்மஞ்சள். ஆனால் ஒன்றுக்குக் கரை அகன்றிருக்கும், மற்றொன்றுக்கு ஒடுங்கியிருக்கும். கொம்பும் பூவும் ஒன்றில் வெண்மை, ஒன்றில் சாம்பல், பிறிதொன்றிற் கருமை. பிடெலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘மாறாத பற்றுடையது’ என்பது பொருள். பெயரிட்டவர் நிறத்தை எண்ணி இட்டிருக்கமாட்டார்.

இம்மாறுபாட்டினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மதுசாரத்தில் இட்டால் இவற்றின் நிறம் கரைந்துபோகும். கேலார்ட் 1860இல், தமது 40ஆம் வயதில், கப்பற் பயணத்தில் உயிர் நீத்தார். அவர் சொல்லால் எழுதிவைத்த விளக்கங்களைக் கொண்டு மட்டும் இன்னது இதுவெனத் துணிதல் எளிதன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஹன்கொக் அரும்பொருட்சாலையில் இருந்த அவருடைய படங்களைச் சேர் சார்ள்ஸ் எலியட் ஆராய்ந்து 1906இல் வெளியிட்டார். நம் கடலின் உயிர்கள் சிலவற்றுக்கு அந்நகரத்துப் படத்தாள்களே சாட்சி.

இவ்வருமை யாம் பட்டறிந்தது. வாவியின் நன்னீர்க் கலப்பு இவற்றுக்கு ஒவ்வாது. முருகைக்கல் உள்ள கரைகளே உகந்தவை. சில ஆண்டுகளின் முன் மாணவர் இருவர் பாசிக்குடாவில் வற்றுநீரிடைக் கண்ட ஒன்றைப் போத்தலிற் கொணர்ந்தனர். விஞ்ஞான ஆசிரியர் அன்று விடுமுறை. தமிழாசிரியராகிய யாம், நற்காரியம் செய்வதாய் எண்ணி, அதனை மதுசாரத்தில் இட்டுவைத்தோம். ஆசிரியர் திரும்பி வந்தபோது போத்தலில் இருந்தது ஊறிய அரிசிமாவுத் துண்டொன்று. கரை என்ன நிறம் என அவர் வினவ, ஒருவன் செம்மஞ்சள் என்றான்; மற்றவன் கத்தரிப்பூ நிறம் என்று சாதித்தான். கொம்பின் நிறத்தை மூவருமே நோக்கவில்லை. இருவர் சொல்லையும் சீட்டில் எழுதி ஒட்டினோம். பெயர் எழுதவேண்டிய இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.